உடம்புக்கு ராஜா கிடையாது: உங்க ஞாயித்துக்கிழமை கட்டுரை பத்தி ஒரு கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல மருத்துவப் பக்கத்துல நம்ம உடம்பு எப்படி வேலை செய்யுதுன்னு ஒரு கட்டுரை வந்துச்சு. மூளைதான் ராஜா, இதயம் தளபதி, கிட்னி துப்புரவுத் துறைன்னு ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு பதவி குடுத்து படம் போட்டு எழுதியிருந்தாங்க. பசங்க படிக்க நல்லாதான் இருக்கு, எங்க வீட்ல என் பொண்ணு அந்தப் படத்தை வெட்டி நோட்டுல ஒட்டி வச்சிருக்கா. ஆனா படிச்சதுலேர்ந்து எனக்கு மனசு உறுத்திக்கிட்டே இருக்கு, அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா போயிருச்சுன்னா மன்னிச்சுக்கோங்க, இடத்துக்கு தகுந்த மாதிரி வெட்டிக்கோங்க, ஆனா தைராய்டு பத்தி எழுதுறதையும் எங்க அம்மா பத்தி எழுதுறதையும் மட்டும் வெட்டாதீங்க.

நான் 17 வருஷமா ரத்தப் பரிசோதனை லேப்ல டெக்னீஷியனா இருக்கேன். டாக்டர் கிடையாது, மருந்து சொல்ற ஆள் கிடையாது. ரத்தம் எடுக்கிறது, மெஷின்ல ஓட்டுறது, ரிப்போர்ட் அடிச்சு கவர்ல போட்டு குடுக்கிறது, இதுதான் என் வேலை. ரிப்போர்ட்டை வாங்குனதும் ஜனங்க அங்கேயே நின்னு பிரிச்சுப் பாப்பாங்க, எந்த நம்பருக்கு பக்கத்துல கூடுதல்னு ஹெச் போட்டிருக்கு, எதுக்கு கம்மின்னு எல் போட்டிருக்குன்னு தேடுவாங்க, முகம் மாறும், சில பேர் என்கிட்டயே கேப்பாங்க. இந்த 17 வருஷத்துல நான் பாத்த பயத்துல பாதி, அந்த ராஜா மந்திரி கதையை அப்படியே நம்பினதால வர்ற பயம்னு எனக்குத் தோணுது. ஒரு உறுப்பு, அதுக்கு ஒரு வேலை, அதுக்கு ஒரு நம்பர், நம்பர் ஏறுனா அந்த உறுப்பு ஜாஸ்தி வேலை செய்யுது, இறங்குனா கம்மியா வேலை செய்யுது. இப்படித்தான் எல்லாரும் நெனைக்கிறாங்க. உடம்பு அப்படி நேர்கோட்டுல போகவே போகாது.

தைராய்டையே எடுத்துக்கோங்க. ஒரு அம்மா ரிப்போர்ட் வாங்கிட்டு, "தம்பி, தைராய்டு ஏறிப்போச்சு போல, 11னு போட்டு ஹெச் போட்டிருக்கு, நான் வேற தைராய்டு மாத்திரை தினமும் போடுறேன், அதான் ஜாஸ்தியாயிருச்சு, இன்னிலேர்ந்து நிறுத்திடறேன்"ன்னாங்க. அவங்க பாத்தது டிஎஸ்ஹெச், அதாவது தைராய்டு ஸ்டிமுலேட்டிங் ஹார்மோன். பேர்லயே தைராய்டுன்னு வர்றதால அது தைராய்டு சுரப்பி போடுற ஹார்மோன்னு எல்லாரும் நெனைச்சுக்கிறாங்க. அது தைராய்டுலேர்ந்து வர்றதே இல்ல, மூளைக்கு அடியில பட்டாணி சைஸ்ல தொங்குற பிட்யூட்டரி சுரப்பியிலேர்ந்து வருது. கழுத்துல இருக்குற தைராய்டைப் பாத்து "இன்னும் கொஞ்சம் போடு, போதலை"ன்னு கேக்குற குரல்தான் டிஎஸ்ஹெச். தைராய்டு ஒழுங்கா போட்டுக்கிட்டு இருந்தா அந்த ஹார்மோன் ரத்தத்துல சுத்தி வந்து பிட்யூட்டரிகிட்டயே "போதும்"னு சொல்லிரும், குரல் தணிஞ்சிரும். தைராய்டு சோர்ந்து போச்சுன்னா பதில் வராது, பதில் வராததால பிட்யூட்டரி குரலை ஏத்திக்கிட்டே போகும். அதனால பெரும்பாலான பேருக்கு டிஎஸ்ஹெச் ஏறியிருக்குன்னா தைராய்டு கம்மியா இருக்குன்னு அர்த்தம், மாத்திரை பத்தலைன்னு அர்த்தம். அந்த அம்மா மாத்திரையை நிறுத்தியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. நான் கெஞ்சாத குறையா, நிறுத்தாதீங்கம்மா, டாக்டரைப் பாத்துட்டு அவங்க சொல்றபடி செய்ங்கன்னு சொல்லி அனுப்புனேன். வாசல் வரைக்கும் போயி ரெண்டு தடவை திரும்பி வந்து, "ஹெச்னா ஜாஸ்திதானே தம்பி?"ன்னு கேட்டுட்டுத்தான் போனாங்க, அவங்களை நான் குத்தம் சொல்லவே மாட்டேன், அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலை.

இன்னொண்ணு, மாத்திரை அளவை மாத்துனதும் அடுத்த வாரமே டெஸ்ட்டுக்கு வந்து நிக்குறவங்க நிறைய. அந்த மாத்திரை ரத்தத்துல பாதியா குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், அதோட அளவு நிலைச்சு, அதைப் பாத்து பிட்யூட்டரி தன் குரலை சரி பண்ணிக்க ஆறு வாரம் போல ஆகும், அதுக்குத்தான் டாக்டருங்க ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் எழுதுறாங்க. நடுவுல பாக்குற நம்பர் பாதி பேச்சுல காதை வச்ச மாதிரிதான்.

இப்ப சொல்லுங்க, இதுல யார் ராஜா? பிட்யூட்டரி தைராய்டுக்கு கட்டளை போடுது, சரி. அந்த பிட்யூட்டரியோட வாயை அடைக்கிறது யாரு? தைராய்டு ஹார்மோன்தான். மேல மூளையில ஹைபோதலாமஸ்னு ஒரு பகுதி இருக்கு, அது பிட்யூட்டரியை தட்டிவிடும், அதுக்கும் அதே தைராய்டு ஹார்மோன்தான் போதும்னு சொல்லும். சுத்தி சுத்தி வருது. நம்ம ஊர்க்கதையில வர்ற அரசாங்கம் மாதிரி மேலேர்ந்து கீழ ஒரே திசையில உத்தரவு போற ஏற்பாடு இது கிடையாது.

மூளை இல்லாமயே உறுப்புங்க ஒண்ணுக்கொண்ணு பேசிக்கும்னு 1902லயே லண்டன்ல கண்டுபிடிச்சுட்டாங்க, பெய்லிஸ், ஸ்டார்லிங்னு ரெண்டு பேர். வயித்துலேர்ந்து அமிலம் கலந்த சாப்பாடு சிறுகுடலுக்கு இறங்குனதும் கணையம் தன்னோட நீரை சுரக்கும், இது எப்படி கணையத்துக்குத் தெரியுதுன்னு கேள்வி. நரம்பு வழியாதான் சேதி போகுதுன்னு அன்னிக்கு எல்லாரும் நம்பிக்கிட்டு இருந்தாங்க. இவங்க மயக்கம் குடுத்த ஒரு நாயோட குடல்ல ஒரு துண்டுக்குப் போற நரம்பையெல்லாம் வெட்டிட்டு, அந்தத் துண்டுக்குள்ள அமிலத்தை விட்டுப் பாத்தாங்க. கணையம் சுரந்துச்சு. நரம்பே இல்ல, ஆனாலும் சேதி போயிருக்கு! அப்ப ரத்தம் வழியாதான் போயிருக்கணும்னு குடலோட உள்பக்கத் தோலை சுரண்டி அரைச்சு வடிகட்டி ரத்தத்துல ஏத்துனாங்க, அதுக்கும் கணையம் சுரந்துச்சு. அந்தப் பொருளுக்கு செக்ரெட்டின்னு பேர் வச்சாங்க. மூணு வருஷம் கழிச்சு 1905ல ஸ்டார்லிங்தான் இந்த மாதிரி ரத்தத்துல போற சேதிக்கெல்லாம் ஹார்மோன்னு பொதுப்பேர் வச்சாரு. குடல் நேரா கணையத்துக்கு தந்தி அடிச்சிருக்கு, ராஜாகிட்ட பெர்மிஷன் கேக்கலை.

இதயத்தை எடுத்துக்கோங்க. இதயமாற்று ஆபரேஷன்ல ஒருத்தர் இதயத்தை எடுத்து இன்னொருத்தருக்கு வைக்கும்போது ரத்தக்குழாயை தைக்கலாம், நரம்பை தைச்சு இணைக்க முடியாது. மூளைக்கும் அந்த இதயத்துக்கும் கம்பித் தொடர்பே இருக்காது. ஆனாலும் துடிக்கும், தனக்குள்ளயே இருக்குற ஒரு சின்ன முடிச்சுதான் துடிப்பை ஆரம்பிச்சு வைக்குது. எனக்கு இதுல ரொம்ப ஆச்சரியமா இருந்தது வேற ஒரு விஷயம். நரம்பு இல்லாத அந்த இதயம் சும்மா உக்காந்திருக்கும்போதே நிமிஷத்துக்கு 90லேர்ந்து 110 வரைக்கும் துடிக்குமாம். நம்மளுக்கு 70, 75தான். அப்ப நம்ம இதயத்தோட இயல்பான வேகமே 100 பக்கம், வேகஸ்னு ஒரு நரம்பு நாள் பூரா பிரேக் மேல காலை வச்சுக்கிட்டே இருக்குறதாலதான் 70ல நிக்குது. சட்டுனு ஓடணும்னா உடம்பு மொதல்ல பிரேக்லேர்ந்து காலை எடுக்கும், அப்புறம்தான் ஆக்சிலரேட்டர். அதனாலதான் ஒரு நொடியில வேகம் ஏறிருது.

நான் கடைசியா வரவேண்டிய இடத்துக்கு முன்னாடியே வந்துட்டேன், பரவாயில்ல. நான் சொல்ல வந்தது இதுதான்: ரிப்போர்ட்ல தெரியுற நம்பர் ஒரு முடிவு மட்டும்தான், அந்த முடிவை அங்க புடிச்சு நிறுத்த உடம்பு ரெண்டு பக்கமும் எவ்வளவு இழுத்துக்கிட்டு இருக்குன்னு அந்த நம்பர் சொல்லாது. கயிறு இழுக்குற போட்டியில நடுவுல கட்டுன துணி அசையாம நிக்குதுன்னு வச்சுக்கோங்க. ரெண்டு பக்கமும் யாரும் இழுக்கலைன்னாலும் அசையாது, பத்து பத்து பேர் பல்லைக் கடிச்சு இழுத்தாலும் அசையாது. துணியை மட்டும் பாத்தா ரெண்டும் ஒண்ணுதான்.

இதுக்கு சரியான உதாரணம் கால்சியம். நம்ம உடம்புல ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் இருக்கு, அதுல 99 சதவீதம் எலும்புலயும் பல்லுலயும். ரத்தத்துல இருக்குறது ரொம்ப ரொம்ப கொஞ்சம், ஆனா அந்தக் கொஞ்சம் 100 மில்லி ரத்தத்துக்கு 8.5லேர்ந்து 10.5 மில்லிகிராமுக்குள்ள நின்னே ஆகணும், இல்லன்னா தசை இழுக்கும், வலிப்பு வரும், இதயத்துடிப்பு தப்பும். தைராய்டுக்குப் பின்னாடி ஒட்டிக்கிட்டு பருப்பு சைஸ்ல நாலு சின்ன சுரப்பி இருக்கு, பாராதைராய்டு, ரத்தத்துல கால்சியம் துளி குறைஞ்சாலும் அதுங்களுக்குத் தெரிஞ்சிரும், உடனே எலும்பைக் கரைச்சு ரத்தத்துக்கு அனுப்பச் சொல்லும், கிட்னிகிட்ட வீணாக்காதேன்னு சொல்லும், குடல் ஜாஸ்தி உறிஞ்சுறதுக்காக வைட்டமின் டியை முடுக்கிவிடச் சொல்லும். வைட்டமின் டியே வருஷக்கணக்கா கம்மியா இருக்குற ஒருத்தருக்கு என்ன ஆகும்? ரத்தத்துல கால்சியம் நார்மல்னுதான் ரிப்போர்ட் வரும். "கால்சியம் நார்மலா இருக்கே, அப்புறம் ஏன் எலும்பு வலிக்குது"ன்னு கேப்பாங்க. நார்மலா வச்சிருக்கிறதுக்காகத்தான் எலும்பு கரையுது! வீட்டுச் செவுத்தை உடைச்சு செங்கல்லை வித்து மாசச் செலவை ஒழுங்கா கட்டுற வீடு மாதிரி, கணக்குப் புத்தகத்துல ஒரு குறையும் இருக்காது.

சுகரும் இதே கதைதான். டைப் 2 சுகர் வர்றதுக்கு பல வருஷம் முன்னாடியே உடம்பு இன்சுலினுக்கு சரியா கேக்காம போயிரும், கணையம் விடாது, ரெண்டு மடங்கு இன்சுலின் போட்டாவது சுகரை நார்மல்ல புடிச்சு வைக்கும். அந்த வருஷங்கள்ல எடுக்குற ஃபாஸ்டிங் சுகர் எல்லாம் நார்மல்தான். கணையம் களைச்சுப்போற அன்னிக்குத்தான் நம்பர் ஏறும், நாம "திடீர்னு சுகர் வந்துருச்சு"ம்போம். அது திடீர்னு வர்றதே இல்ல.

சுகர் பத்தி பேசும்போது ஒண்ணு சொல்லியாகணும். ஒருத்தர் உடம்புல ஓடுற மொத்த ரத்தத்துலயும் ஒரு நேரத்துல இருக்குற சர்க்கரை எவ்வளவு தெரியுங்களா, 4, 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஆனா மூளை மட்டுமே ஒரு நாளைக்கு 120 கிராம் போல தின்னுது. அப்படின்னா அந்த ஒரு டீஸ்பூன் காலியாகிக்கிட்டே இருக்கு, நிரம்பிக்கிட்டே இருக்கு, நாள் பூரா. நாம தூங்கும்போது, எட்டு மணி நேரம் ஒண்ணும் சாப்பிடாம இருக்கும்போது, ஈரல்தான் சேத்து வச்சதை எடுத்து விட்டுக்கிட்டே இருக்கும், குளுக்ககான்னு கணையத்துலேர்ந்து வர்ற இன்னொரு ஹார்மோன் எடுத்து விடுன்னு சொல்லும், இன்சுலின் போதும் நிறுத்துன்னு சொல்லும். ஒரே கணையத்துலேர்ந்து ரெண்டு எதிர் எதிர் சேதி.

லேப்ல ஒரு நாள் வயசான தம்பதி வந்தாங்க. ராத்திரி படுக்கும்போது அந்தம்மாவுக்கு வீட்ல மெஷின்ல பாத்தா 130, காலையில லேப்ல எடுத்தா 180. அவரு எல்லார் முன்னாடியும், "ராத்திரி எந்திரிச்சு திருட்டுத்தனமா சாப்பிடுறா, கேட்டா இல்லைன்னு சாதிக்கிறா"ன்னு சத்தம் போட்டாரு. அந்தம்மா ஒண்ணும் பேசலை, தலையைக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. எனக்கு பொறுக்கலை. விடியக்காலம் மூணு நாலு மணிக்கு மேல, நம்மள எழுப்புறதுக்கு தயார் பண்ற மாதிரி கார்டிசால்னு ஒரு ஹார்மோன் ஏறும், க்ரோத் ஹார்மோனும் அதோட வேலையைப் பண்ணியிருக்கும், ரெண்டும் ஈரலை சர்க்கரையை விடச் சொல்லும், சுகர் இல்லாதவங்களுக்கு இன்சுலினும் கூடவே ஏறி சமாளிச்சிரும், சுகர் இருக்குறவங்களுக்கு அந்த சமாளிப்பு இருக்காது, வெறும் வயித்துலயே நம்பர் ஏறும். வேற காரணமும் இருக்கலாம், மருந்து போடுற நேரம் சரியில்லாம இருக்கலாம், அதை டாக்டர் பாப்பாங்க. ஆனா சாப்பிட்டாத்தான் சுகர் ஏறும்ங்கிற ஒத்தை வரி அறிவு, 40 வருஷம் கூட வாழ்ந்தவங்களை திருடியாக்கிருச்சே. நான் சொன்னதும் அவரு கொஞ்ச நேரம் பேசாம நின்னாரு, அப்புறம் அந்தம்மா கைப்பையை வாங்கி தான் மாட்டிக்கிட்டு கூட்டிட்டுப் போனாரு.

காய்ச்சலையும் உங்க கட்டுரையில எதிரின்னு எழுதியிருந்தாங்க. காய்ச்சல் உடம்பு வேணும்னே ஏத்துற சூடு. நம்ம ஹைபோதலாமஸ்ல 37 டிகிரி பக்கம் ஒரு குறி வச்சிருக்கும், ஏசியில 24னு வைக்கிற மாதிரி. கிருமி வந்ததும் வெள்ளணுக்கள் சேதி அனுப்பும், அதனால புரோஸ்டாகிளாண்டின்னு ஒண்ணு உண்டாகி குறியை 39க்கு ஏத்தி வச்சிரும். உடம்பு அப்ப 37லதான் இருக்கு, குறி 39, அதனால உடம்புக்கு ரெண்டு டிகிரி குளிருது! அதுக்குத்தான் காய்ச்சல் ஏறும்போது போர்வையை இழுத்துப் போத்துறோம், பல்லு கிடுகிடுங்குது, கை கால் வெளிறி சில்லுனு ஆகுது. பாராசிட்டமால் போட்டா புரோஸ்டாகிளாண்டின் குறையுது, குறி பழையபடி 37க்கு இறங்குது, இப்ப உடம்பு 39, அதனால வேர்த்துக் கொட்டுது, "வேர்த்து விட்டுருச்சு, இனி பயமில்ல"ன்னு பெரியவங்க சொல்றது இதைத்தான். வெயில்ல விழுந்து உடம்பு 40ஐத் தாண்டுறது முழுக்க வேற. அங்க குறி மாறவே இல்ல, 37லதான் இருக்கு, ஆத்துற சக்தி தோத்துப்போச்சு. அதனால அதுக்கு பாராசிட்டமால் கேக்காது, எறக்குறதுக்கு குறியே ஏறலையே. உடனே தண்ணி ஊத்தி, ஈரத்துணி சுத்தி, காத்து வீசி ஆத்தணும், ஆஸ்பத்திரிக்கு கொண்டு போகணும், ஒரு நிமிஷம் கூட வீணாக்கக்கூடாது. தெர்மாமீட்டர்ல ரெண்டும் ஒரே மாதிரி நம்பர்தான் காட்டும். இந்த ஒரு வித்தியாசம் தெரிஞ்சா உயிர் பொழைக்கும்னு நான் உறுதியா நம்புறேன்.

வேர்வை எவ்வளவு பெரிய ஆயுதம்னு 1774ல சார்லஸ் பிளாக்டன்னு ஒரு ஆங்கிலேய டாக்டர் தன் கூட்டாளிங்களோட சேந்து தானே பரிசோதிச்சுப் பாத்தாரு. 120 டிகிரி செல்சியஸுக்கும் மேல காய வச்ச ஒரு ரூமுக்குள்ள போயி நின்னாங்க, கூட வச்சிருந்த பச்சை மாமிசம் வெந்துருச்சு, உள்ள நின்ன மனுஷங்க உடம்பு சூடு பெருசா ஏறலை. காத்து காஞ்சிருந்ததால வேர்வை ஆவியாகி ஆத்திக்கிட்டே இருந்துச்சு. ஈரப்பதம் ஜாஸ்தியான காத்துல இது நடக்காது, வேர்வை வழியும், ஆவியாகாது, அதான் புழுக்கமான நாள்ல வர்ற சூடு ஆபத்து.

இதுக்கெல்லாம் மொத்தமா ஒரு பார்வை குடுத்தது பிரான்ஸ்ல கிளாட் பெர்னார்டு, 19ஆம் நூற்றாண்டுல. வெளியில வெயிலோ பனியோ, நம்ம செல்லுங்க வாழுறது உள்ள ஓடுற நீர்மத்துல, அந்த உள்சூழலை நிலையா வச்சிருக்கிறதாலதான் நம்மளால எங்க வேணா வாழ முடியுதுன்னாரு. அமெரிக்காவுல வால்டர் கேனன் 1926ல இதுக்கு ஹோமியோஸ்டாசிஸ்னு பேர் வச்சாரு. பாடப் புத்தகத்துல ஒரு மார்க் கேள்வியா வருது, விளக்கம் எழுதுக, அவ்வளவுதான்.

படுக்கையிலேர்ந்து எந்திரிக்கிறதைப் பாருங்க. எந்திரிச்சு நின்ன உடனே அரை லிட்டருக்கும் மேல ரத்தம் கால் பக்கமும் வயித்துப் பக்கமும் இறங்கிரும், மூளைக்குப் போற அழுத்தம் குறையும். கழுத்துல ரத்தக்குழாய் ரெண்டா பிரியுற இடத்துல, இதயத்துக்கு மேல பெரிய குழாய் வளையுற இடத்துல, குழாய்ச் செவுரு எவ்வளவு விரியுதுன்னு அளக்குற நரம்பு முனைங்க இருக்கு, அடுத்த ஒண்ணு ரெண்டு துடிப்புக்குள்ளயே சேதி போயிரும், இதயம் வேகமாகும், குழாய்ங்க சுருங்கும், நாம ஒண்ணுமே உணர மாட்டோம். வயசாக ஆக இது மெதுவாகும். பிபி மாத்திரை, நீர் போற மாத்திரை போடுறவங்களுக்கும், பேதியாகி தண்ணி வத்துனவங்களுக்கும் இது பத்தாம போயிரும், ராத்திரி பாத்ரூமுக்கு எந்திரிச்சு தலை சுத்தி விழுந்து இடுப்பு எலும்பு முறியுறது இப்படித்தான். எந்திரிச்சதும் ஒரு நிமிஷம் கட்டில் ஓரத்துல காலைத் தொங்கப் போட்டு உக்காந்துட்டு அப்புறம் நில்லுங்கன்னு சொல்லுங்க, காசு பணம் செலவில்லாத விஷயம்.

மூச்சு பத்தி சுருக்கமா ஒண்ணு. மூச்சை அடக்குனா வர்ற அந்தத் தவிப்பு ஆக்சிஜன் குறைஞ்சதால வர்றது இல்ல, பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு சேர்றதாலதான். தண்ணிக்குள்ள ரொம்ப நேரம் இருக்கணும்னு பசங்க முன்னாடியே வேக வேகமா மூச்சு வாங்கி விட்டுட்டு முங்குவாங்க, அதுல கார்பன் டை ஆக்சைடுதான் வெளியேறுது, ஆக்சிஜன் ஒண்ணும் பெருசா ஏறாது, அபாய மணி அடிக்காமயே உள்ள மயக்கம் வந்துரும், தண்ணிக்குள்ள மயங்குனா திரும்ப வர்றது கஷ்டம். நீச்சல் தெரிஞ்ச பசங்கதான் இப்படிப் போறாங்க. தயவுசெஞ்சு லீவு சீசன்ல இதை எழுதுங்க.

எல்லாமே அடக்கி நிலையா வைக்கிறதுதான்னும் சொல்லிர முடியாது. பிரசவத்துல குழந்தை தலை அழுத்த அழுத்த ஆக்ஸிடோசின்னு ஒரு ஹார்மோன் ஏறும், ஏற ஏற கர்ப்பப்பை இன்னும் இறுக்கும், இறுக்க இறுக்க இன்னும் அழுத்தும், குழந்தை வெளிய வந்தாத்தான் அந்தச் சுத்து அறுபடும். ரத்தம் உறையுறதும் அப்படித்தான், ஒண்ணு பத்தாகி பத்து நூறாகும், ஆனா அதுக்கும் பக்கத்துலயே தடுக்குற ஆளுங்களை உடம்பு நிறுத்தி வச்சிருக்கும்.

இப்ப எங்க அம்மா விஷயம். அம்மாவுக்கு மூட்டுல வீக்கம், வலி, நடக்கவே முடியாது. டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரை எழுதுனாங்க, அஞ்சு மாசமா போட்டுக்கிட்டு இருந்தாங்க, நல்லா நடந்தாங்க. ஒரு நாள் ஒரு பத்திரிகையில, உங்க பத்திரிகை இல்ல, பேரும் வேணாம், "ஸ்டீராய்டு ஒரு விஷம், இன்னிக்கே தூக்கி எறியுங்க"ன்னு ஒரு கட்டுரை படிச்சிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லலை. அன்னிக்கே நிறுத்திட்டாங்க. மொதல்ல சோர்வுதான், சாப்பாடு வேண்டாம்னாங்க, அப்புறம் வாந்தி. வயசு ஆகுதுல்ல, வயித்துக் கோளாறுன்னு நாங்க விட்டுட்டோம். ஆறாவது நாள் காலையில கூப்பிட்டா பதில் இல்ல. ஆஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், பிபி 70க்கு வந்துருச்சு. அங்க இருந்த டாக்டர் கேட்ட மொத கேள்வி, "ஏதாவது மாத்திரையை திடீர்னு நிறுத்துனாங்களா?" தலைமாட்டு டிராயரைத் திறந்து பாத்தப்பதான் எனக்குத் தெரிஞ்சுது, அட்டை அட்டையா அப்படியே இருந்துச்சு.

நடந்தது இதுதான். கிட்னிக்கு மேல தொப்பி மாதிரி அட்ரினல் சுரப்பி இருக்கு, அது கார்டிசால் போடும், காய்ச்சலோ அடியோ வந்தா பிபியும் சுகரும் விழாம தாங்குறது அதுதான். பிட்யூட்டரி கேக்கும், அட்ரினல் போடும், போதும்னா பிட்யூட்டரி நிறுத்தும், தைராய்டு மாதிரியே சுத்து. கார்டிசால் மாதிரியே வேலை செய்யுற ஸ்டீராய்டு மாத்திரை வெளியிலேர்ந்து மாசக்கணக்குல போகும்போது பிட்யூட்டரி ரத்தத்தைப் பாத்து, நிறைய இருக்கேன்னு கேக்குறதையே விட்டுரும். யாரும் கேக்காததால அட்ரினல் சுருங்கித் தூங்கிரும். திடீர்னு மாத்திரையை நிறுத்துனா, வெளியிலேர்ந்தும் வராது, உள்ளேர்ந்தும் வராது. தூங்குன சுரப்பி எந்திரிக்க வாரக்கணக்கு, சில பேருக்கு மாசக்கணக்கு ஆகும். அதனாலதான் டாக்டருங்க படிப்படியா குறைப்பாங்க, பிட்யூட்டரி மெதுவா முழிச்சு, திரும்ப கேக்க ஆரம்பிச்சு, அட்ரினல் திரும்ப போட ஆரம்பிக்கிறதுக்கு நேரம் குடுக்கிறாங்க. ஸ்டீராய்டுல கெடுதல் இல்லைன்னு நான் சொல்ல வரலை, எலும்பு, சுகர், கண்ணு எல்லாத்தையும் பாதிக்கும், தேவையில்லாம சாப்பிடவே கூடாது. அந்தக் கட்டுரையில எழுதுன கெடுதல்ல பாதிக்கு மேல உண்மைதான். படிப்படியாத்தான் நிறுத்தணும்னு ஒரே ஒரு வரி எழுதலை, அந்த ஒரு வரி இல்லாததுதான் எங்க அம்மாவை அந்தப் படுக்கையில போட்டுச்சு.

என்னை உறுத்துறது என்னன்னா, நான் லேப்ல நாளைக்கு எத்தனை கார்டிசால் டெஸ்ட் ஓட்டுறேன், காலையில 8 மணிக்குத்தான் எடுக்கணும், சாயங்காலம் எடுத்தா பாதிக்கும் கீழ காட்டும்னு எல்லாருக்கும் சொல்றேன், எங்க வீட்டு டிராயரை நான் பாக்கலை. ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏத்தி, மறுநாளே அம்மா எந்திரிச்சு உக்காந்தாங்க. அப்புறம் ஏழு மாசம் எடுத்துச்சு மாத்திரையை கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு முழுசா நிறுத்த. இப்ப வீட்டுக்குள்ள தடியில்லாம நடக்குறாங்க.

உங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஒரு மருந்து கெட்டதுன்னு எழுதுனா, அதைப் போட்டுக்கிட்டு இருக்குறவங்க திடீர்னு நிறுத்தக்கூடாதுன்னா அதையும் அதே கட்டுரையில, அதே சைஸ் எழுத்துல போடுங்க, கடைசி வரியில பொடி எழுத்துல வேணாம். ஸ்டீராய்டு மட்டும் இல்ல, வலிப்பு மாத்திரை இருக்கு, இதயத்துக்கு போடுற சில மாத்திரைங்க இருக்கு, எல்லாமே உடம்பு அதை நம்பி தன்னை மாத்தி வச்சிருக்கும். நம்பர் பத்தி எழுதும்போது அந்த நம்பரை யாரு பாத்து யாருக்கு சேதி சொல்றாங்கன்னு ரெண்டு வரி எழுதுங்க. பசங்க பக்கத்துல அடுத்த தடவை படம் போடும்போது, ராஜா சிம்மாசனத்தை எடுத்துட்டு உறுப்புக்கு உறுப்பு போயிட்டு வர்ற அம்புக்குறி போடுங்க, என் பொண்ணு அதையும் வெட்டி ஒட்டிக்குவா.

எதுக்குமே இடம் இல்லைன்னா, இதை மட்டுமாவது ஒரு சின்ன கட்டம் கட்டி போட்டுருங்க: டிஎஸ்ஹெச் ஏறியிருந்தா தைராய்டு ஜாஸ்தின்னு நெனைச்சு மாத்திரையை நிறுத்தாதீங்க, அது பெரும்பாலும் பத்தலைன்னு உடம்பு கேக்குறது, டாக்டரைப் பாருங்க. நாங்க அதை வெட்டி ரிப்போர்ட் குடுக்குற கவுன்ட்டர் கண்ணாடியில ஒட்டி வச்சுக்குறோம்.

இப்படிக்கு,
உங்க பேப்பரை தினமும் படிக்கிற ஒரு லேப் டெக்னீஷியன்